கைப்பணத்துத் தாலி

கும்மிடிப்பூண்டி
18-6-72

என் பூவு கண்ணுக்கு,

அக்கா கெங்கம்மாள் எழுதறது. நீயும் உன் பொஞ்சாதி குணாவும் வேளைக்குச் சாப்பிட்டுக்கினு நல்லா இருக்கணும். இங்க நானும் உன் மாமாவும் இருக்கோம். மூணாங்கிளாஸ் எழுத்து, பென்சில்ல எழுதறேன். கொம்பும் காலும் விட்டுப் போயிருந்தா நீயே போட்டுக்கினு படி.

நேத்து கோர்ட்டு அமீனா ஊட்டுக்கு வந்துட்டாரு. கூடவே ஜெயராஜும் வந்தான். மில்லுல இரும்பு உருட்டற உருளையில உன் மாமா வலது கை போனப்ப, ஆபீசு பணம் வர்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி செலவுக்கு அவன்கிட்டதானே வாங்கினோம். அவரு இடது கையில போட்ட கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்குது, செல்லாதுன்னு சொல்லி என்னையும் பத்திரத்துல போட வெச்சான். இப்ப ரெண்டு பேரு மேலயும் தீர்ப்பு வாங்கிக்கினு வந்து நிக்கறான். வட்டி குட்டி போட்டு அசலைத் தாண்டிப் போயிடுச்சு.

சைக்கிள் போச்சு. மேசை போச்சு. சுவத்துல மாட்டியிருந்த கடியாரம் போச்சு. அமீனா பேரு பரசுராமன். கெட்ட மனுஷன் இல்ல, தலை நிமிராம எழுதிக்கினே இருந்தாரு. உன் மாமா சும்மா இருப்பாரா? "சார், இந்தச் சட்டைய மறந்துட்டீங்களே. வலது கைப் பக்கம் போடாத துணி, புத்தம் புதுசு. கத்திரிச்சு எடுத்துக்குங்க"ன்றாரு. அமீனாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. ஜெயராஜுக்கு வரல.

அவன் கண்ணு இட்லிக் குண்டான் மேல நின்னுச்சு. ஆட்டுக்கல்லு மேல நின்னுச்சு. அப்புறம் என் கழுத்துல நின்னுச்சு. கை போனதுக்கு ஆபீசுல இருந்து மாசா மாசம் வர்ற கைப்பணத்தையும் கோர்ட்டுல சொல்லி மறிச்சுப் புடிப்பேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அந்தப் பணமும், மில்லு ஷிப்டு ஆளுங்களுக்கு நான் போடற இட்லியும்தான் எங்க ஊட்டு அடுப்பு.

நீ வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருக்கே. எம்பார் ஐயாவைக் கேட்டு எழுது. இல்லாதவங்ககிட்ட கோர்ட்டு எதை விட்டு வெக்கும்?

உன் அக்கா
கெங்கம்மாள்


திருவள்ளூர்
27-6-72

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பூவராகவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் இருவருக்கும் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

எம்பார் ஐயாவிடம் உன் கடிதத்தையே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சட்டையை வெட்டி எடுத்துக்கொள்ளச் சொன்ன இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: சமையல் பாத்திரம், படுக்கை, உடுத்துகிற துணி, பிழைப்புக்கு வேண்டிய சாமான், இவற்றை ஜப்தி செய்ய முடியாது. குண்டானும் ஆட்டுக்கல்லும் உன் பிழைப்பு என்று அமீனாவிடம் தைரியமாகச் சொல். தாலியைக் கழற்று என்று சொல்ல எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை. கை போனதற்காக வருகிற பணத்தையும் எவனும் மறிக்க முடியாது. மாமா இருக்கிற வரைக்கும் அது மாமாவின் பணம்.

ஆகவே பயப்படாதே.

குணாவுக்கு மூன்று மாதம். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன், அவள் அம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாது. அமாவாசை அன்று வீரராகவர் குளத்தில் மாமா பேரைச் சொல்லி வெல்லம் கரைத்துவிட்டு வந்தேன். இனி ஒவ்வொரு அமாவாசைக்கும் கரைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி
பூவராகவன்


கும்மிடிப்பூண்டி
2-8-72

பூவு,

குணா வாந்தி எடுக்கறாளா? மாங்கா கேட்டா வாங்கிக் குடு, கஞ்சத்தனம் பண்ணாதே. எனக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்குது. உன் மாமாவுக்குத்தான் இருமல். மில்லு புகை நெஞ்சுல தங்கிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு. கை போனதுக்குப் பணம் குடுத்தாங்க, நெஞ்சு போனா யாரும் குடுக்க மாட்டாங்கன்னு இவரு சிரிக்கறாரு. சிரிச்சா இருமல் அதிகமாவுது.

மறுபடியும் வந்தாங்க. நீ எழுதினதைக் கடிதாசியோட நீட்டினேன். அமீனா படிச்சிட்டு, "தம்பி சரியாத்தான் எழுதியிருக்காரு"ன்னு ஜெயராஜ்கிட்ட சொன்னாரு. குண்டானை விட்டாச்சு. கல்லை விட்டாச்சு. படுக்கையும் இருக்குது. ஒரு பெஞ்சை மட்டும் எடுத்துக்கினு போனாங்க.

போறப்ப ஜெயராஜ் என் கழுத்தைப் பார்த்து இன்னா சொன்னான் தெரியுமா? "இருக்கட்டும்மா. பூவும் பொட்டுமா நூறு வருஷம் இரு. அந்தத் தாலிக்கு நானே காவல் இருக்கேன்." பேசினது என்னைப் பார்த்து. கண்ணு மட்டும் கட்டில்ல இருமிக்கினு இருந்தவரு பக்கம் போச்சு.

இந்தத் தாலி வந்த கதை உனக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணத்துல கட்டுனது ஆஸ்பத்திரி நேரத்துல அடமானத்துல முழுகிப் போச்சு. ஒரு வருஷம் மஞ்சக் கயித்துல மஞ்சக் கிழங்கைக் கட்டிக்கினு இருந்தேன். நீ வந்தப்பல்லாம் முந்தானையை இழுத்து மூடிக்குவேன். ஆபீசுல பாக்கி எல்லாம் சேர்த்து முத தபா கைப்பணம் வந்துச்சு பாரு, ஜெயராஜுக்குக் குடுத்துடலாம்னேன் நான். இவரு கேக்கல. பொன்னேரிக்குப் போயி பவுன்ல தாலியும் குண்டும் வாங்கியாந்துட்டாரு. ஒத்தைக் கையில முடிச்சுப் போட வரல. பல்லால கடிச்சு இழுத்துக் கட்டினாரு. "என் வலது கைய உன் கழுத்துல போட்டு வெச்சிருக்கேன். நீயாவது பத்திரமா பாத்துக்கோ"ன்னாரு.

அன்னிக்கே கடனைக் குடுத்திருந்தா இந்தப் பேஜாரு இல்ல. ஆனா நான் வேணான்னு சொல்லவும் இல்ல பூவு. கழுத்தை நீட்டினேன்.

கெங்கம்மாள்


திருவள்ளூர்
14-8-72

அன்புள்ள அக்காவுக்கு,

மாங்காய் வாங்கிக் கொடுத்தாயிற்று. இப்போது மாங்காய் வேண்டாமாம், அக்கா கை இட்லிப் பொடி வேண்டுமாம்.

மாமாவின் இருமலுக்கு இங்கே ஒரு வைத்தியர் சூரணம் கொடுத்தார். பொன்னேரி பஸ்ஸில் வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தேனில் குழைத்துக் கொடு. தாலிக் கதையைக் குணாவுக்குப் படித்துக் காட்டினேன். பல்லால் கடித்துக் கட்டிய இடத்தில் என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு ரெண்டு கையும் இருந்து இன்னா பிரயோஜனம், ஒரு முழம் பூ வாங்கியாறீங்களா?" என்றாள்.

ஐப்பசியில் வளைகாப்பு வைத்திருக்கிறோம். எனக்கு அம்மா இருந்து செய்ய வேண்டியதை நீ இருந்து செய்ய வேண்டும். மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. முதல் வளையல் நீதான் போட வேண்டும்.

பூவராகவன்


கும்மிடிப்பூண்டி
9-10-72

பூவு,

குணா உடம்பைப் பார்த்துக்க. உப்பு குறைச்சுச் சாப்பிடச் சொல்லு.

வளைகாப்புக்கு நான் வர முடியாது. இங்க இட்லி யாவாரத்தை விட்டுட்டு நகர முடியல. குணாவோட அம்மா போடட்டும் முத வளையல். கோவிச்சுக்காதே.

இந்த மாசக் கைப்பணம் திரும்பிப் போயிடுச்சு. போஸ்ட்மேன் ஆதிநாராயணன் எடுத்துக்கினு வந்து வாசல்ல கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் எடுத்துக்கினு போயிட்டாரு. உன் மாமா ஊட்ல இல்ல.

எம்பார் ஐயாகிட்ட ஒண்ணு கேட்டு எழுது. இங்க எங்க லைன் ஊட்ல ஒருத்தி, புருஷன் போயிட்டான். அவளுக்கும் என்னை மாதிரி கோர்ட்டுக் கடன் இருக்குது. அவ தாலியைக் கடன்காரன் எடுத்துக்குவானா? அவ கேக்கச் சொன்னா. சீக்கிரம் எழுது.

கெங்கம்மாள்


திருவள்ளூர்
20-10-72

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வராதது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உன் நிலைமை தெரியும். வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. குணா நலம்.

அந்தப் பெண்ணுடைய விஷயம்: ஐயா சொல்வது, புருஷன் போய்விட்டாலும் அவள் கழுத்தில் இருக்கிற வரைக்கும் அமீனா தொட மாட்டார். கழுத்தில் கிடப்பதைப் பிடுங்குகிற துணிச்சல் எந்த அமீனாவுக்கும் வராது. ஆனால் காரியத்தன்று கழற்றிப் பாலில் போட்டுவிட்டால் அப்புறம் அது தாலி இல்லை, பவுன். கடன்காரன் மறுநாளே வரலாம். அவளுக்குத் தாய் வீடு இல்லையா? நம் பக்கத்தில் தாய் வீட்டார் கோடிப் புடவை கொண்டுவந்து போடாமல் தாலியை இறக்க மாட்டார்களே. அவர்களைக் கொஞ்சம் நிதானமாக வரச் சொல்லலாம். பாவம், யார் பெற்ற பெண்ணோ.

அது இருக்கட்டும். பணம் ஏன் திரும்பிப் போயிற்று? மாமா எந்த ஊருக்குப் போயிருக்கிறார்? இருமலோடு எதற்காக வெளியூர் அனுப்பினாய்? இந்த அமாவாசைக்கும் அவருக்காக வெல்லம் கரைத்தேன். உடனே பதில் போடு.

பூவராகவன்


திருவள்ளூர்
28-12-72

அக்கா,

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். நெற்றி அப்படியே உன் நெற்றி, குணாவே சொல்கிறாள்.

இரண்டு மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை. வேலை என்று நினைத்துக்கொள்கிறேன். தை பிறந்ததும் தொட்டில் போடுகிறோம். குழந்தை காதில் அத்தை நீதான் பேர் சொல்ல வேண்டும். என்ன பேர் என்று நானும் குணாவும் முடிவு செய்யவில்லை, உன் வாயில் வருவதுதான். இந்தத் தடவை சாக்குச் சொல்லாதே. மாமா எப்படி இருக்கிறார்?

பூவராகவன்


கும்மிடிப்பூண்டி
5-1-73

பூவு கண்ணு,

பொண்ணு பொறந்ததைக் கேட்டு எனக்கு வயிறு நிறைஞ்சு போச்சு. குணாவுக்கு பூண்டு வதக்கிக் குடு. குழந்தை தலையை வெறுந்தரையில வெக்காதீங்க. இலவம் பஞ்சுல ஒரு சின்ன தலகாணி தைச்சு பொன்னேரி பஸ் ஆளுகிட்ட குடுத்திருக்கேன். மஞ்சள்ல நனைச்ச துணிதான், உறுத்தாது.

தொட்டிலுக்கு நான் வரல. கால் வீங்கியிருக்குது. எனக்காகக் காத்திருக்க வேணாம். பேரு குணாவோட அம்மா சொல்லட்டும், நல்ல மனுஷி, புருஷனோட நிறைஞ்சு இருக்கறவங்க. அவங்க சொன்னா குழந்தைக்கு நல்லது.

உன் மாமாவைக் கேட்டிருக்கே. இருமல் சுத்தமா நின்னு போச்சு.

கெங்கம்மாள்


திருவள்ளூர்
22-1-73

அக்காவுக்கு,

தொட்டில் போட்டாயிற்று. நீ வருவாய் என்று வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். குணாவின் அம்மா பேர் சொன்னார்கள். பந்தியில் எல்லோரும், "பையனுக்குக் கூடப் பொறந்தவ இருக்கான்னாங்களே, எங்க?" என்று கேட்டார்கள். கால் வீக்கம் என்றேன். குணா நீ அனுப்பிய தலையணையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

மாமாவுக்கு இருமல் நின்றது கேட்டுச் சந்தோஷம், வெல்லம் வீண் போகவில்லை. ஆனால் குணமான மனிதர் ஒரு கார்டு போடக் கூடாதா? இடது கையால் நாலு எழுத்துப் போட்டால் குறைந்தா போய்விடுவார்? நான் உங்களுக்கு என்ன தப்புச் செய்தேன்?

பூவராகவன்


கும்மிடிப்பூண்டி
10-2-73

உயர்திரு பூவராகவன் அவர்கள் சமூகத்திற்கு,

ஜெயராஜ் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் க்ஷேமமாயிருக்கக் கடவுளை வேண்டுகிறேன். தங்கள் விலாசம் தாங்கள் முன்பு அக்காவுக்கு எழுதி, அமீனா முன்பு காட்டிய கடிதத்தில் பார்த்தது.

தங்கள் அக்காவின் கணவர் மணவாளன் அவர்கள் சென்ற புரட்டாசி மாதமே தவறிவிட்டது தாங்கள் அறிந்ததே. நல்ல மனிதர், கொடுக்கல் வாங்கல் வேறு, மனுஷத்தனம் வேறு. மாலை வாங்கிப் போட்டேன். ஆனால் இன்று வரை காரியம் ஆகவில்லை. தம்பி கோடியுடன் வருவான் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருக்கிறது. தாய் வீடு இருந்தும் இல்லாதது போல் ஒரு பெண் பிள்ளை இருப்பது ஊருக்கே சங்கடமாக இருக்கிறது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் சிலர் அந்த வாசலில் இட்லி வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். தாங்கள் படித்தவர், வக்கீல் ஆபீசில் இருப்பவர். முறையைச் செய்து அவர்களைக் கரை சேர்க்க வேண்டியது தங்கள் கடமை.

வருகிற தேதியை எனக்கும் ஒரு கார்டில் தெரியப்படுத்தினால் நலம்.

இங்ஙனம்
ஜெயராஜ்


திருவள்ளூர்
24-2-73

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

ஓரத்தில் கருப்பு மை தடவி ஒரு கார்டு வந்தது. அப்படி வந்த கார்டை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவது வழக்கம். கிழிக்க முடியவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே படி. என் அக்கா புருஷன் செத்ததைக் கடன் வசூல் பண்றவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அவர் போனது புரட்டாசியாம். ஐப்பசியில கரைச்சேன், கார்த்திகையில கரைச்சேன், மார்கழியில கரைச்சேன், தை அமாவாசைக்குக் கூட்டத்துல இடி பட்டுக்கினு போயி கரைச்சேன். செத்தவருக்கு வெல்லம் கரைச்சுக்கினு இருந்திருக்கேன். இருமல் நின்னு போச்சுன்னு எழுதினியே. உனக்கு எப்படிக் கை வந்துச்சு?

உன் பழைய கடிதங்களை எல்லாம் குணாதான் எடுத்து வரிசையாக வைத்தாள். "லைன் ஊட்ல ஒருத்தி" என்று நீ எழுதியதை அவள்தான் விரல் வைத்துக் காட்டினாள். அதற்கு நான் எழுதிய பதில் நினைவுக்கு வந்தது. யார் பெற்ற பெண்ணோ என்று எழுதினேன். தாய் வீட்டை நிதானமாக வரச் சொல் என்று நானே எழுதினேன்.

குணா பெட்டியைத் திறந்து தலையணையை எடுத்துக் குழந்தைக்கு வைத்தாள். பிறகு வளைகாப்புக்குப் போட்ட தங்க வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை, தானாகவே. "அவங்க கைப்பணத்துல செஞ்சதை எவனும் தொடக் கூடாது" என்றாள். எம்பார் ஐயா ஜெயராஜை வரவழைத்துப் பேசினார். வட்டியில் பாதியை விட்டுவிட ஒப்புக்கொண்டான். வருகிற வெள்ளிக்கிழமை பணம் கொடுத்து, கோர்ட்டில் தீர்ந்துபோனதாக எழுதி வாங்கிவிடுவோம். இனி அவன் உன் வாசலை மிதிக்க மாட்டான். பவுன் உன்னுடையது. எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

அதற்கு அடுத்த புதன்கிழமை ரசீதோடு வருகிறேன். கோடியும் எடுத்தாயிற்று. வெள்ளைதான் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், குணா ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சைக் கரை இருப்பதாகப் பார்த்து எடுத்தாள். கோபத்தில் எழுதியதை மனதில் வைக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி
பூவு


கும்மிடிப்பூண்டி
28-2-73

என் பூவு கண்ணுக்கு,

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்குமே இப்ப, கண்ணு படாம பார்த்துக்குங்க. குணா கையைப் புடிச்சு நான் கண்ணுல ஒத்திக்கிட்டதா சொல்லு. புள்ளை பெத்த கை, அதைப் போயி வெறுங்கையாக்கிட்டேன்.

உனக்கு எல்லாத்தையும் சொல்லணும். அன்னிக்கு விடியற நேரம், குண்டான்ல ஆவி வந்துக்கினு இருந்துச்சு. கட்டில்ல இருந்தே, "கெங்கா, வெந்துடுச்சு, வாசனை வருது பாரு"ன்னாரு. முத ஈடு எடுத்துத் தட்டுல கொட்டிட்டு, ஒண்ணு பிச்சு ஊதிக்கினே அவருகிட்ட போனேன். கண்ணு கதவு பக்கம் பார்த்துக்கினு இருந்துச்சு. இட்லி என் கையில சூடாவே இருந்துச்சு பூவு. மில்லு ஆளுங்கதான் தூக்கினாங்க. அவருக்குன்னு வேற யாரு இருக்காங்க?

முதல்ல குணாவுக்காகத்தான் எழுதல. வயித்துப்புள்ளைக்காரி இருக்கற ஊட்டுக்குக் கருப்பு மை கார்டு எப்படிப் போடறது? வளைகாப்பு முடியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள ஜெயராஜ் மாலையோட வந்தான். மாலையைப் போட்டான், கும்பிட்டான், கடன் பேச்சை எடுக்கல, அதைச் சொல்லணும். திரும்பறப்ப என் கழுத்தை ஒரு தபா பார்த்தான். அப்பத்தான் உன்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டேன். நீ பதில் எழுதினே. தாய் வீட்டுக் கோடி வராம இறக்க மாட்டாங்கன்னு. உனக்குத் தெரியலேன்னா நீ வர மாட்டே. நீ வரலேன்னா கோடி வராது. கோடி வரலேன்னா இது இறங்காது. அப்படியே புடிச்சிக்கினேன்.

பூவையும் பொட்டையும் நானே எடுத்துட்டேன். அன்னிக்கு சாயங்காலமே, யாரும் சொல்லல. இது ஒண்ணுதான். அமீனா ரெண்டு தபா வந்தாரு. "இன்னும் கழுத்துல இருக்குது"ன்னு எழுதிக்கினு போனாரு. ரெண்டாம் தபா, "ஏம்மா, நான் பார்க்கறது சட்டத்தை. ஊர் வாயை என்னால ஜப்தி பண்ண முடியாது, பார்த்துக்கம்மா"ன்னாரு. ஊர் வாய்ன்னா பக்கத்து ஊட்டு அஞ்சம்மாள்தான். குழாயடியில நின்னுக்கினு, "அவன் மண்ணுக்குள்ள படுத்துக்கினு இருக்கான், இவ தங்கத்தைக் கட்டிக்கினு இருக்கா. இன்னும் ஏண்டி?"ன்னு எல்லாரும் கேக்கறாப்பல கேட்டா. "கழட்டுனா ஜெயராஜ் வந்து எடுத்துக்கினு போயிடுவான், அதான்"னேன். அவளுக்கும் அவன்கிட்ட கடன் இருக்குது. குடத்தைத் தூக்கிக்கினு போயிட்டா. அப்புறம் ஊர்ல யாரு கேட்டாலும் அதையே சொன்னேன், ஜெயராஜ்கிட்ட மட்டும் தம்பி கோடியோட வருவான்னேன்.

தொட்டிலுக்கு ஏன் வரலைன்னு கேட்டே. வரலைன்னு எழுதிட்டாலும் மனசு கேக்காம அன்னிக்கு பஸ் ஏறத்தான் பூவு கிளம்பினேன். முந்தானையை இழுத்து விட்டா தாலி வெளிய தெரியும், உங்க ஊர்ல யாருக்கும் ஒண்ணும் தெரியாது, பொட்டு ஒண்ணு வெச்சிக்கினா சுமங்கலியாவே வந்து நிக்கலாம். வழியில பொட்டிக் கடையில கண்ணாடி தொங்குச்சு. பொட்டை வெச்சிக்கலாம்னு பார்த்தேன். கடன்காரனை ஏமாத்தலாம். ஊரை ஏமாத்தலாம். அந்தப் பச்சைக் குழந்தை காதுல பேரு சொல்ற வாயை வெச்சு ஏமாத்த எனக்கு மனசு வரல. திரும்பிட்டேன். இன்னா பேரு வெச்சீங்கன்னு நீ இன்னும் எழுதவே இல்ல.

இருமல் நின்னு போச்சுன்னு எழுத எப்படிக் கை வந்துச்சுன்னு கேட்டிருக்கே. நெசத்தைத்தான் எழுதினேன். ஊட்ல அந்தச் சத்தம் இல்ல. இருக்கறப்ப எப்படா நிக்கும்னு இருந்துச்சு.

நீ கரைச்ச வெல்லம் வீண் போயிருக்காது. அவருக்கு இனிப்புன்னா உசுரு.

கடன் தீர்ந்துடும்னு படிச்சப்ப எனக்கு சந்தோஷம் வந்திருக்கணும். உன் கடிதாசியை மடியில வெச்சிக்கினு அடுப்பாண்ட உக்காந்துட்டேன். மாவு பொங்கி வழியறது கூடத் தெரியல. புதன்கிழமை வா. கோடியை எடுத்துக்கினே வா, வேணான்னு சொல்ல மாட்டேன், நீ செய்யற முறை அது. குணா பச்சைக் கரை பார்த்து எடுத்தாளாமே, அவளுக்கு நான் இன்னா செய்யப் போறேன்? கவரைப்பேட்டை தாண்டினா ரோடு தோண்டிப் போட்டிருக்காங்க, ரயில்லயே வா. உனக்குப் புடிச்ச மாதிரி கார அடை சுட்டு வெக்கறேன்.

இப்படிக்கு
உன் அக்கா
கெங்கம்மாள்

கடிதாசியை மடிச்சிட்டு மறுபடியும் பிரிச்சேன். ஒண்ணு விட்டுப் போச்சு. பென்சிலு தேஞ்சு போச்சு, அழுத்தி எழுதறேன், படிச்சுக்கோ. இத்தினி நாளும் கேட்டவங்களுக்கெல்லாம் ஜெயராஜ் பேரைச் சொன்னேன். நானும் அதையேதான் நம்பிக்கினு இருந்தேன், உன் கடிதாசி வர்ற வரைக்கும். வெள்ளிக்கிழமை அவன் தீர்ந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவான். சனிக்கிழமை காலையில குழாயடியில அஞ்சம்மாள் என் கழுத்தைப் பார்த்து "இன்னும் ஏண்டி?"ன்னு கேட்டா, நான் யாரு பேரைச் சொல்லட்டும் பூவு?